பேக்கர் மலை ஒரே நாளில்: தடம் மிதிபட்டுத்தானே கிடக்கு, கயிறு எதுக்கு?

ஐவரணி | ஜூன் 9, இரவு 9:40

மவுண்ட் பேக்கர், வாஷிங்டன். கோல்மன்–டெமிங் பனியாற்று வழி. ஐந்து பேர், ஜூலை மூணாவது வாரம். கூடாரம் கிடையாது. ராத்திரி கிளம்பி மறுநாள் மதியம் காருக்கு வந்துடணும். எல்லாரும் ஹாஃப் மாரத்தான் ஓடுறவங்க, கால் பிரச்சினை இல்லை.

வீடியோக்கள்ல பார்த்தா பனியாற்று மேல தடம் அரை முழ ஆழத்துக்கு மிதிபட்டுக் கிடக்கு. நூறு பேர் போன தடத்துல கயிறு கட்டிக்கிட்டு போறது சும்மா பந்தான்னு எங்க குழுவுல ஒருத்தர் சொல்றார். மைக்ரோஸ்பைக், ட்ரெக்கிங் கம்பு போதுமாம். எனக்கும் பாதி சரின்னு படுது. என்ன சொல்றீங்க?

கடைக்கயிறு | ஜூன் 9, இரவு 11:15

தடம் சொல்வது ஒன்றே ஒன்று: கடைசியாக அங்கே நடந்தவரை அந்தப் பனி தாங்கியது. அவர் நடந்தது அதிகாலை 4 மணிக்கு, உறைந்த பனியில். நீங்கள் இறங்கி வரப்போவது காலை 11 மணிக்கு, அதே பனி இளகிய பிறகு. பனிப்பிளவு என்பது பனியாற்றில் ஆழமாகத் திறந்த வெடிப்பு, கயிறு அதற்குள் விழுபவரைப் பிடிக்கத்தான். அதை மூடி நிற்கும் பனிப்பாலம் மேலே மட்டும் உருகுவதில்லை, அடியிலிருந்தும் மெலிந்துகொண்டே வரும். மேலே பார்த்தால் நேற்று இருந்தபடியேதான் இருக்கும்.

தடம் பிளவைக் குறுக்கே தாண்டுகிறதா, அதன் நீளவாக்கில் ஓடுகிறதா என்பதும் தடத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. நீளவாக்கில் ஓடினால் எல்லோரும் ஒரே பாலத்தின் மேல் நிற்கலாம்.

மைக்ரோஸ்பைக்: முள் ஒரு சென்டிமீட்டர் அளவு. ரப்பர் பட்டை சரிவில் பக்கவாட்டில் இழுபட்டுக் காலணியிலிருந்து சுழன்றுவிடும். உச்சிக்குக் கீழே உள்ள ரோமன் வால் என்ற சரிவு 35 முதல் 40 டிகிரி. அதிகாலையில் அது உறைந்து கிடக்கும். ட்ரெக்கிங் கம்பால் அங்கே விழுந்தவரை நிறுத்த முடியாது. கிராம்பானும் (காலணியில் மாட்டும் நீண்ட முள் சட்டம்) ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடாரி) இல்லாமல் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஓடுகிறவர்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் ஒரே நாளில் ஏறுவதில் கால் கடைசிப் பிரச்சினை. கடிகாரம்தான் முதல் பிரச்சினை, அதை நாளை எழுதுகிறேன்.

வடமேற்கு | ஜூன் 10, காலை 7:05

எடை கணக்கு: 60 மீட்டர், 8 மி.மீ. கயிறு மீட்டருக்கு 40 கிராம் வைத்தால் 2.4 கிலோ. ஒரு கயிற்றுக்கு மூவர் என்றால் அதை மூவர் பகிர்ந்து சுமக்கிறார்கள். ஹார்னெஸ் (கயிற்றை மாட்டும் இடுப்பு-தொடைப் பட்டை) 400 கிராம், கிராம்பான் 900, ஆக்ஸ் 400, பிக்கெட் (பனியில் நங்கூரமாக அடிக்கும் உலோக முளை) 350. ஆளுக்கு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கூடாரமும் தூக்கப்பையும் விட்டதில் மிச்சமாகும் எடை இதைவிட அதிகம்.

கடைக்கயிறு | ஜூன் 10, இரவு 8:30

கடிகாரம்.

ஹீலியோட்ரோப் ரிட்ஜ் பாதை தொடங்கும் இடம் சுமார் 3,700 அடி. உச்சி 10,781 அடி. ஏற்றம் 7,081 அடி, மீட்டரில் 2,158. நல்ல பழக்கமுள்ள குழு மணிக்கு 300 மீட்டர் ஏறும். அது 7 மணி 12 நிமிடம். கயிறு கட்ட, கிராம்பான் மாட்ட, தண்ணீர் குடிக்க, ஒருவருக்குக் காலணி கடிக்க என்று ஒன்றரை மணி சேருங்கள். மொத்தம் 9 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்:

இரவு 11:00 — காரிலிருந்து நடை.
1:45 — ஹாக்ஸ்பேக் மேடு, 6,000 அடி பக்கம். இங்கே கயிறு கட்டுகிற வேலை.
2:20 — பனியாற்றில் கால்.
5:30 — கோல்ஃபாக்ஸ் சிகரத்துக்கும் பேக்கருக்கும் நடுவிலுள்ள கணவாய், 9,000 அடி. வெளிச்சம் வந்திருக்கும்.
8:00 — உச்சி.

இறக்கம் 5 மணி நேரம். மதியம் 1 மணிக்குக் கார்.

இதில் விட்டுக்கொடுக்க முடியாதது திரும்பும் நேரம். காலை 9:30க்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து இறக்கம். உச்சி 200 அடியில் இருந்தாலும் சரி. அதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மேலே போய் ஐந்து பேர் ஓட்டெடுப்பு நடத்தினால் எப்போதும் "இன்னும் கொஞ்சம்தான்" ஜெயிக்கும்.

மொரைன்வாசி | ஜூன் 10, இரவு 10:20

ராத்திரி 11க்கு கிளம்பணும்னா மத்தியானம் தூங்கணும். வெள்ளிக்கிழமை 5 மணி வரைக்கும் ஆபீஸ், அப்புறம் சியாட்டில்லேருந்து மூணு மணி நேரம் வண்டி, நேரா மலைன்னா 30 மணி நேரம் கண் விழிப்பு. பனிப்பிளவை விட திரும்பி வர்ற நெடுஞ்சாலை எனக்குப் பயம். ஒருத்தர் மலை ஏறாம காரோட இருந்தா உத்தமம். இல்லேன்னா காருலயே ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு கிளம்புங்க.

ஐவரணி | ஜூன் 11, மதியம் 12:50

சரி, கயிறு உண்டு. எங்க கிட்ட 60 மீட்டர் கயிறு ஒண்ணு இருக்கு. அஞ்சு பேரும் அதுலயே கட்டிக்கலாமா?

கடைக்கயிறு | ஜூன் 11, இரவு 9:10

கட்டலாம். 10 மீட்டர் இடைவெளி விட்டால் நடுவில் 40 மீட்டர் போகும், இரு முனையிலும் பத்துப் பத்து மிச்சம். விழுந்தவரை நால்வர் தாங்குவதால் நிறுத்துவது சுலபம். சிக்கல் அதற்குப் பிறகு. மீட்க மிச்சமிருப்பது 10 மீட்டர். அதை மடித்துக் கீழே விட்டால் 5 மீட்டர்தான் எட்டும். தவிர, ஐவர் ஒரே கயிற்றில் என்றால் ஒருவர் ஷூ லேஸ் கட்ட நின்றாலும் ஐவரும் நிற்க வேண்டும். ஒரே நாள் ஏற்றத்தில் அந்த நிமிடங்கள்தான் 9:30ஐத் தின்பவை.

மூவர் + இருவர், இரண்டு கயிறு. மூவருக்கு 60 மீட்டர்: இடைவெளி 12, 12. இரு முனையிலும் 18 மீட்டர் சுருள், பையின் மேல்பகுதியில், அவிழ்த்தால் உடனே வரும்படி. மடித்து விட்டால் 9 மீட்டர் எட்டும். இருவருக்கு இன்னொரு 60: இடைவெளி 16, முனைக்கு 22. இருவர் அணியில் ஒருவர் விழுந்தால் தாங்க ஒரே ஆள். ஆகவே அதில் எடை கூடியவரும் அனுபவம் கூடியவரும் இருக்கட்டும். இரண்டு அணிகளும் கூப்பிடு தூரத்தில் நடக்க வேண்டும். முன்னால் போன அணி 500 அடி மேலே இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

ஆறாவது ஆள் கிடைத்தால் 3+3. அதுதான் சரியான எண்ணிக்கை.

வடமேற்கு | ஜூன் 11, இரவு 9:55

இருவர் கயிற்றில் பட்டர்ஃப்ளை முடிச்சுகள் (கயிற்றின் நடுவில் போடும் வளைய முடிச்சு) போடச் சொல்லவில்லையே. ஆளிடமிருந்து 3 மீட்டர் தள்ளி முதல் முடிச்சு, பிறகு 2 மீட்டருக்கு ஒன்று. விழும்போது முடிச்சு பிளவின் விளிம்புப் பனியில் சிக்கிப் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்.

கடைக்கயிறு | ஜூன் 11, இரவு 10:40

ஆமாம், இருவருக்குக் கட்டாயம் போடலாம். மூவருக்கு அவரவர் விருப்பம், நால்வருக்கு மேல் அவசியமில்லை. ஆனால் முடிச்சுக்கு விலை உண்டு. முடிச்சுள்ள கயிற்றை விளிம்பு வழியாக இழுக்க முடியாது, கப்பியிலும் ஓடாது. விழுந்தவர் ப்ருசிக் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் நாண் வளையம், பாரம் விழுந்தால் இறுகும்) போட்டு ஏறினாலும் ஒவ்வொரு முடிச்சிலும் கழற்றி மாட்ட வேண்டும். முடிச்சு போட்டால் மீட்பு தனிக் கயிற்றில்தான், அதாவது முனைச் சுருளில். அதனால்தான் 22 மீட்டர் என்றேன்.

முடிச்சு வேலை செய்வது மென்பனியில். ஆகஸ்டில் வெறும் ஐஸ் தெரியும் இடத்தில் அது எதிலும் சிக்காது.

ஐவரணி | ஜூன் 12, காலை 8:15

ப்ருசிக் எத்தனை மி.மீ., எவ்வளவு நீளம்?

கடைக்கயிறு | ஜூன் 12, மதியம் 1:00

8 மி.மீ. கயிற்றுக்கு 5 அல்லது 6 மி.மீ. நாண். இடுப்புக்கு ஒன்றரை மீட்டர், காலுக்கு மூன்றரை மீட்டர் வெட்டி வளையமாகக் கட்டுங்கள். உயரத்துக்கேற்பக் கொஞ்சம் மாறும், மரக்கிளையில் தொங்கிப் பார்த்துத் திருத்துங்கள். மூன்று சுற்று. ஈரக் கயிற்றில் வழுக்கினால் நான்கு. இரண்டையும் பனியாற்றில் கால் வைக்கும் முன்பே கயிற்றில் மாட்டிக்கொள்ளுங்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கையுறையோடு, பையிலிருந்து தேடி எடுக்கிற சாமான் அல்ல அது.

கடைக்கயிறு | ஜூன் 13, இரவு 10:05

மீட்பைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தார்கள். மூவர் அணியில் முன்னவர் விழுந்தார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மற்ற இருவரும் ஆக்ஸைக் குத்திப் படுக்கிறார்கள். கயிறு நின்றுவிட்டதா என்று பார்த்து, நடு ஆள் பாரத்தைத் தாங்கியபடி அப்படியே கிடக்கிறார். அவர் எழக்கூடாது, உதவவும் கூடாது. கடைசி ஆள் மெதுவாகத் தன் பாரத்தை விடுவித்து, கயிற்றில் ப்ருசிக்கைத் தள்ளிக்கொண்டே நடு ஆளுக்கு முன்னால் வந்து நங்கூரம் போடுகிறார்.

நங்கூரம்: பிக்கெட்டை நட்டுக்குத்தாக அடிப்பதைவிட, கோடையின் இளகிய பனியில் படுக்கையாகப் புதைப்பது மேல். இழுவைக்குக் குறுக்கே, முழங்கால் ஆழத்துக்கு, பிக்கெட் அளவுக்குக் குறுகிய பள்ளம். பிளவைப் பார்த்த சுவர் கலையாமல் இருக்க வேண்டும், முழுப் பாரமும் அதில்தான். பிக்கெட்டின் நடுவில் ஸ்லிங் (பட்டை வளையம்) கட்டி, ஸ்லிங் வெளியே வர இன்னொரு சிறு வாய்க்கால் வெட்ட வேண்டும். பெரும்பாலோர் சொதப்புவது இந்த வாய்க்காலில். அது பள்ளத்தின் அடி ஆழத்துக்கு வெட்டப்படவில்லை என்றால், பாரம் விழும்போது ஸ்லிங் பிக்கெட்டை மேல்நோக்கிக் கிளப்பிவிடும். பள்ளத்தை மூடி மிதித்து இறுக்குங்கள்.

பிறகு பாரக் கயிற்றில் ப்ருசிக் போட்டு நங்கூரத்தில் மாட்டி, நடு ஆள் அங்குலம் அங்குலமாகப் பாரத்தை அதற்கு விடுகிறார். பிக்கெட் அசைகிறதா? அசைந்தால் அவர் மறுபடி வாங்கிக்கொள்ள வேண்டும். அசையவில்லை என்றால் பாரக் கயிற்றிலேயே ஒரு முடிச்சுப் போட்டு நங்கூரத்தில் தனியாகக் கட்டுங்கள். ப்ருசிக் வழுக்கினாலும் அது பிடிக்கும். இரண்டாவது பிக்கெட் இருந்தால் இப்போது புதையுங்கள்.

அடுத்தது விளிம்பு. தன்னை நங்கூரத்தில் கட்டிக்கொண்டு, கம்பால் குத்திப் பார்த்தபடி போய்க் குரல் கொடுங்கள். கீழே இருப்பவர் பேசினால் பாதி வேலை முடிந்தது. அவரால் ஏறி வர முடியுமா என்று கேளுங்கள். பல சமயம் ஒரு பக்கச் சுவரில் கிராம்பான் ஊன்றி அவரே வந்துவிடுவார். விளிம்பில் கயிற்றுக்கு அடியில் பையையோ ஆக்ஸ் கைப்பிடியையோ வையுங்கள், கயிறு பனியை அறுத்துக்கொண்டு உள்ளே போகாமலிருக்க. அப்படி வைத்த சாமானும் உள்ளே விழாமல் அதையும் கட்ட வேண்டும்.

இழுப்பதற்கு முனைச் சுருளை மடித்து, மடிப்பில் கப்பியும் காராபினரும் (பூட்டும் உலோகக் கொக்கி) போட்டு இறக்குங்கள். அவர் அதைத் தன் ஹார்னெஸில் மாட்டினால் 2:1, அதாவது பாதி பலத்தில் இழுக்கலாம். இருவர் மட்டும் இழுக்க இது போதாமல் போகலாம். இழுக்கும் முனையில் 3:1 சேர்த்தால் 6:1. ஆனால் 6:1இல் ஒரு மீட்டர் ஏற்ற ஆறு மீட்டர் இழுக்க வேண்டும், இடையிடையே ப்ருசிக்கை முன்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். பையைக் கழற்றித் தனக்குக் கீழே தொங்கவிடச் சொன்னால் அவர் நிமிர்ந்து இருப்பார்.

முதல்முறை புல்தரையில் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணியைப் பூங்காவில் செலவழியுங்கள். 1906இல் தொடங்கிய சியாட்டில் மவுண்டனியர்ஸ் சங்கம் இதற்கென்றே அடிப்படைப் பயிற்சி நடத்துகிறது. பேக்கரின் கோல்மன் பனியாற்றுக் கீழ்ப்பகுதியிலேயே பயிற்சிக் குழுக்கள் வருவதைப் பார்க்கலாம்.

மொரைன்வாசி | ஜூன் 13, இரவு 10:50

கயிறு எப்படிக் கிடக்கணும்னு ஒரு வரி. ரெண்டு பேருக்கு நடுவுல கயிறு பனியை லேசா உரசணும், அவ்வளவுதான். கையில சுருட்டிப் பிடிச்சா அந்தச் சுருள் நீளத்துக்கும் சேர்த்து விழுவீங்க. தோளும் கழண்டுடும். புதுசா வர்றவங்க எல்லாரும் செய்றது இது. அப்புறம் ஓய்வெடுக்க எல்லாரும் ஒண்ணா கூடி உட்கார்ந்து போட்டோ எடுக்கறது.

வடமேற்கு | ஜூன் 14, காலை 6:40

கடைக்கயிறின் முதல் பதிவில் கயிறு என்றால் கயிறு என்பதுபோல் ஒரு தொனி இருக்கிறது. ரோமன் வாலில் அது சரியில்லை. உறைந்த 40 டிகிரிச் சரிவில் மூவர் கயிறு கட்டிக்கொண்டு, நடுவில் எந்தப் பிடிமானமும் இல்லாமல் ஏறினால், ஒருவர் விழுந்தால் மூவரும் போவார்கள். கடினப் பனியில் ஆக்ஸ் குத்தி மூவர் எடையை நிறுத்துவது நடக்காத காரியம்.

கடைக்கயிறு | ஜூன் 14, இரவு 9:20

ஒத்துக்கொள்கிறேன், அதைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். கயிறு பிளவுக்கு. செங்குத்துச் சரிவில் அது காப்பதில்லை, கோத்துவிடுகிறது. ரோமன் வாலில் மூன்று வழிதான். பனி இளகி, உதைத்தால் படி விழுகிறது என்றால் கயிற்றோடு போங்கள். உறைந்து, ஆனால் பிளவில்லாமல் இருந்தால், கயிற்றைக் கழற்றி ஒவ்வொருவரும் தன் காலை நம்பி ஏறலாம், ஐவருக்கும் கிராம்பான் நடை பழகியிருந்தால். இல்லையென்றால் ஓடும் பிடிமானம்: முதலாள் பிக்கெட் அடித்துக் கயிற்றை அதில் மாட்டிப் போகிறார், கடைசி ஆள் கழற்றிக்கொண்டு வருகிறார். கயிற்றில் எப்போதும் ஒரு பிக்கெட்டாவது நடுவில் இருக்கும். மூவருக்கு நான்கு பிக்கெட் வேண்டும், நேரமும் ஒரு மணி கூடும். சரிவின் அடியில் பெரும் பிளவு திறந்திருந்தால் இரண்டாவது வழி கிடையாது.

ஐவரணி | ஜூன் 15, காலை 9:00

உயரம் ஒண்ணும் செய்யாதுல்ல?

வடமேற்கு | ஜூன் 15, காலை 9:25

3,286 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஒரே ராத்திரியில் ஏறுகிறீர்கள். தலைவலி வரலாம். தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் இறக்கம், மாத்திரை அல்ல.

ஐவரணி | ஜூன் 16, இரவு 8:10

சாப்பாடு? எங்க வீட்ல புளியோதரை கட்டித் தர்றதா சொல்றாங்க.

மொரைன்வாசி | ஜூன் 16, இரவு 8:45

புளியோதரை காருக்கு. மேல கொண்டு போனா காலை 4 மணிக்கு டப்பாவைத் திருப்பிப் போட்டாலும் விழாது, செங்கல். ஸ்பூன் உடையும். பேரீச்சம்பழமும் கல்லாகும், சட்டைப் பைக்குள்ள உடம்புச் சூட்டுல வெச்சுக்கோங்க. கடலை மிட்டாயை வீட்டுலயே ஒரு வாய் அளவுக்கு உடைச்சுட்டு வாங்க. முறுக்கு தூளாகும், ஆனா தூளும் தின்னலாம். சப்பாத்தியில வெல்லமும் வேர்க்கடலை வெண்ணெயும் தடவிச் சுருட்டினா குளிர்லயும் கடிக்க வரும். உப்பு மறக்காதீங்க, ஊறுகாய் பாக்கெட் ரெண்டு போதும்.

கடைக்கயிறு | ஜூன் 16, இரவு 9:30

மணிக்கு 200 கலோரி, பசிக்கிறதோ இல்லையோ. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். ஹாக்ஸ்பேக்குக்குக் கீழே ஓடைகளில் நிரப்பலாம், வடிகட்டி வேண்டும். அதற்கு மேல் பனி மட்டும்தான், பனியைத் தின்றால் வயிறு குளிரும், தாகம் தீராது. உறிஞ்சு குழாய் உள்ள பை விடியலுக்கு முன் குழாயில் உறைந்துவிடும். சாதாரண பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், உறைவது மேல்பக்கம்.

நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பனியிலிருந்து எதிரடிக்கும் வெயில் மூக்கின் உள்பக்கம், தாடைக்கு அடி, வாய் திறந்து மூச்சு வாங்கினால் மேலண்ணம் வரை சுடும். கண்ணாடிக்குப் பக்க மறைப்பு அவசியம். வெயில் ஏறிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பது தாமதம், கண் வலிப்பது சாயங்காலம்தான்.

மலம்: பையில் போட்டு இறக்குவது. பனியில் புதைத்தால் அது ஆகஸ்டில் மேலே வந்து நிற்கும், அடுத்த குழு அதே பனியை உருக்கிக் குடிக்கும்.

ஐவரணி | ஜூலை 6, இரவு 7:30

பெர்மிட்?

வடமேற்கு | ஜூலை 6, இரவு 7:52

ஏற அனுமதிச்சீட்டு இல்லை. கார் நிறுத்த நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேண்டும். கிளேசியர் ஊரிலுள்ள வனத்துறை நிலையத்தில் பெயர் எழுதிவிட்டுப் போவது உங்கள் விருப்பம். செய்யுங்கள். போன் சிக்னலை நம்பாமல் செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று, ஒவ்வொரு கயிற்றுக்கும் என்றால் இன்னும் நல்லது. சாலை நிலவரம் அதே நிலையத்தில் கேளுங்கள், வெள்ளத்தில் அறுந்துபோகிற சாலை அது.

கடைக்கயிறு | ஜூலை 7, இரவு 10:15

ஜூன் 10 அட்டவணைக்கு ஒரு திருத்தம். 8,500 அடிக்கு மேல் கோல்ஃபாக்ஸ் சிகரத்தின் கீழே வழி போகிறது. அந்தச் சுவரில் தொங்கும் ஐஸ் கட்டிகள் எந்த நேரமும் உடையும், இரவிலும். தடத்தின் மேல் வீட்டுச்சாமான் அளவு ஐஸ் துண்டுகள் சிதறிக் கிடந்தால் அது வழிகாட்ட வைத்த கல் அல்ல, மேலிருந்து விழுந்தது. அங்கே ஓய்வு, போட்டோ, உடை மாற்றல் எதுவும் கூடாது. கணவாயில் போய் நில்லுங்கள்.

ஜூலை என்றால் பனிச்சரிவு இல்லை என்பதும் தவறு. 1939 ஜூலை 22 அன்று இதே மலையில் பெல்லிங்ஹாம் கல்லூரிக் குழு ஒன்றின் மேல் சரிவு விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். வெயிலில் ஊறிய பனி கணுக்காலுக்கு மேல் புதைய ஆரம்பித்தாலே செங்குத்துச் சரிவில் இருக்கக் கூடாது.

மொரைன்வாசி | ஜூலை 7, இரவு 10:40

ஒரு கிளைக்கதை. கோல்மன்னு பேர் வந்தது எட்மண்ட் கோல்மன்கிற ஆங்கிலேய ஓவியரால. 1868 ஆகஸ்டில் மூணு பேரோட முதல்ல உச்சி தொட்டவர் அவர்தான். மைக்ரோஸ்பைக் இல்லாமத்தான்.

ஐவரணி | ஜூலை 16, இரவு 9:05

சனிக்கிழமை கிளம்பறோம். வானம் சுத்தம், காத்து குறைவு. உறைநிலை உயரம் 13,500 அடின்னு முன்னறிவிப்பு. வெயில் அடிக்குதுன்னா நல்லதுதானே?

கடைக்கயிறு | ஜூலை 16, இரவு 9:40

இல்லை. உறைநிலை 13,500 அடி என்றால் 10,781 அடி மலை முழுக்க ராத்திரியும் பூஜ்யத்துக்கு மேல். பனிப்பாலங்கள் இறுகாது. வானம் சுத்தமாக இருந்தால் பனியின் மேல்தோல் மட்டும் வெப்பத்தை விட்டு உறையும், கால் வைத்தால் மொறுமொறுவென்று இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அடியில் சர்க்கரைப் பனிதான். இப்படித் தொடர்ந்து சில ராத்திரிகள் உறையாமல் போயிருந்தால் நான் தள்ளிவைப்பேன்.

உறைநிலை 9,000 அடிக்குக் கீழே இறங்கும் ராத்திரிக்குக் காத்திருங்கள். மலை தேதி பார்ப்பதில்லை. 1998–99 குளிர்காலத்தில் பேக்கர் பனிச்சறுக்குத் திடலில் 1,140 அங்குலம் பனி விழுந்தது, 29 மீட்டர். அப்படி ஒரு ஆண்டின் ஜூலையும் வறண்ட ஆண்டின் ஜூலையும் ஒன்றல்ல.

வடமேற்கு | ஜூலை 16, இரவு 10:10

ஒத்துக்கொள்கிறேன். போயே ஆக வேண்டுமென்றால் ஹாக்ஸ்பேக் வரை போய்க் கயிற்றுப் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள்.

ஐவரணி | ஜூலை 17, காலை 7:20

தள்ளி வெச்சாச்சு. மைக்ரோஸ்பைக் நண்பர் கோபமா இருக்கார். அதே மலையில ஈஸ்டன் பனியாறு பக்கம் சுலபம்னு சொல்றார், அது உண்மையா?

மொரைன்வாசி | ஜூலை 17, மதியம் 12:30

சாய்வு குறைவு, உண்மைதான். ஷ்ரைபர்ஸ் மெடோ, 3,360 அடியில தொடங்கும், அதனால ஏற்றம் இன்னும் கூட. ரெயில்ரோட் கிரேடுங்கற மொரைன் (பனியாறு தள்ளிவிட்ட கல்மண்) மேட்டு மேல நல்ல பாதை, அப்புறம் பனியாறு. பிளவுகள் அங்கயும் உண்டு, சாய்வு குறைவா இருக்கறதால பனி மூடி மறைஞ்சு கிடக்கும். மேல ஷெர்மன் எரிமலை வாய் ஓரமா போகும், கந்தக வாசனை மூக்கைத் துளைக்கும். 1975ல திடீர்னு நீராவி கூடி ஆய்வாளர்களைக் கூட்டி வந்த இடம் அது. விளிம்பிலிருந்து பாருங்க, உள்ள இறங்காதீங்க.

ஆனா உறைநிலை 13,500ன்னா ரெண்டு பக்கமும் ஒரே மலைதான்.

கடைக்கயிறு | ஜூலை 24, இரவு 9:50

தள்ளிவைத்த தேதிக்காக மூன்று துண்டுக் குறிப்புகள்.

உச்சிப் பகுதி பெரிய தட்டை. உண்மையான உச்சி கிழக்கு ஓரத்தில் ஒரு சிறு மேடு. மேகம் மூடினால் ரோமன் வாலின் தலை எங்கே என்று தெரியாது, தவறான பக்கம் இறங்கினால் வேறு பனியாறு. ஏறும்போதே ஜி.பி.எஸ். தடத்தைப் பதிவு செய்து, ரோமன் வால் முடியும் இடத்தில் ஒரு குறி போடுங்கள். போனை உள்சட்டையில் வையுங்கள், குளிரில் பேட்டரி 40 சதவீதத்திலிருந்து நேராக அணைந்துவிடும்.

இறக்கத்தில் கிராம்பானுக்கு அடியில் பனி உருண்டையாக ஒட்டும். பனி ஒட்டாமல் தடுக்கும் தகடு இல்லாத கிராம்பானை எடுக்காதீர்கள். இருந்தாலும் இரண்டடிக்கு ஒருமுறை ஆக்ஸ் கம்பால் காலணியில் தட்டுங்கள். இறக்கத்தில் நடக்கும் விழுதல்களில் பல இந்த உருண்டையால் அல்லது காலணிப் பட்டையில் முள் மாட்டுவதால்.

கடைசியாக ஓடை. காலையில் கணுக்கால் அளவு தாண்டிய ஓடை, பிற்பகலில் பனியாறு உருகித் தொடை வரை வரும், நிறம் சிமெண்டுத் தண்ணீர். கல்லில் தாவ வேண்டாம், அகலமான இடத்தில், பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்து, கம்பு ஊன்றி, நீரோட்டத்தைப் பார்த்தபடி. இந்த இடத்தில் கயிறு கட்டிக்கொண்டு தாண்டக் கூடாது, விழுந்தவரைக் கயிறு தண்ணீருக்கு அடியிலேயே பிடித்து வைக்கும்.

வடமேற்கு | ஆகஸ்ட் 8, காலை 6:55

"இரண்டடிக்கு ஒருமுறை" தட்டினால் ராத்திரி ஆகிவிடும். ஒட்டும் பனியில் மட்டும்.

கடைக்கயிறு | ஆகஸ்ட் 8, இரவு 8:20

சரி, ஒட்டும் பனியில் மட்டும்.

ஐவரணி | ஆகஸ்ட் 19, இரவு 9:15

ஆறாவது ஆள் கிடைச்சாச்சு. ஆகஸ்ட் கடைசி வாரம் போலாமா?

கடைக்கயிறு | ஆகஸ்ட் 19, இரவு 10:30

இந்த ஆண்டுக்கு நான் போகமாட்டேன். ஆகஸ்ட் கடைசியில் கோல்மன் கீழ்ப்பகுதி வெறும் ஐஸ். பிளவுகள் திறந்து, சுற்றிப் போக வேண்டிய தூரம் இரட்டிப்பாகும், 9:30 கணக்கு உடையும். ரோமன் வாலில் பனி போய்க் கல்லும் சரளையுமாக இருக்கும், மேலே நடப்பவர் உதைக்கும் கல் கீழே இருப்பவர் தலைக்கு வரும். ஹெல்மெட் எப்போதும் வேண்டும், அப்போது கூடுதலாக வேண்டும். கீழ்ப்பகுதி ஐஸில் கிராம்பான் நடையும் மீட்பும் பழக அதுவே நல்ல பருவம், ஆறு பேரும் அதற்குப் போங்கள். உச்சிக்கு அடுத்த ஜூன் முதல் பாதி.

ஆறாவது ஆளுக்கு வாடகைக்கு எடுக்கும்போது அவர் போடப்போகும் காலணியையும் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கிராம்பானைப் பட்டை பூட்டாமல் மாட்டிக் காலணியைத் தூக்கினால் அது தானாகத் தொங்கிக்கொண்டு வர வேண்டும். கழன்று விழுந்தால் அளவு சரியில்லை. பூட்டிய பிறகு கொக்கிகள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், மிச்சப் பட்டை ஒரு கை அகலத்துக்கு மேல் இருந்தால் வெட்டிவிடுங்கள். வாடகைக் கிராம்பானை வெட்ட விடமாட்டார்கள், டேப் ஒட்டி மடக்குங்கள்.